பதக்கத்துக்கு மூன்று பேர், வரிசையோடு

பனிச்சறுக்கு அரங்கத்தில் அவரைச் சாணை என்றுதான் கூப்பிடுவார்கள். கொஞ்சம் மரியாதை தெரிந்தவர்கள் சாணை சார் என்பார்கள். பார்வையாளர் படிக்கட்டுக்கு அடியில், ஆள் நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கிற ஓர் அறை அவருடையது. உள்ளே ஒரு சாணைச் சக்கரம், ஓர் எண்ணெய்க் கல், பூதக்கண்ணாடி வைத்த விளக்கு, கொக்கிகளில் நாடாவோடு தொங்கும் முப்பது ஜோடி சறுக்கு பூட்ஸ். ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய சீட்டு. பனித்தளம் அங்கிருந்து துளிகூடத் தெரியாது. மேலே யாராவது ஓடினால் தூசி கொட்டும். விளையாட்டுக்கும் இந்த மனுஷனுக்கும் அந்தத் தூசியைத் தவிர வேறு சம்பந்தமில்லை என்று புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

நினைக்கட்டும். ஜூனியர் பெண்கள் பிரிவில் யார் மேடை ஏறுவார்கள் என்று முன்கூட்டியே சொல்லத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். ஒரு விளையாட்டு வாரப் பத்திரிகையில் ஒன்பது வருடமாக, தேசியப் போட்டிக்கு முந்தின வாரம், ‘பதக்கத்துக்கு மூன்று பேர்’ என்று அரைப் பக்கம் எழுதிவந்தார். மூன்று பெயர், முதலாவது இரண்டாவது மூன்றாவது என்று வரிசையோடு. இதுவரை எழுதிய இருபத்தேழு பெயரில் இருபத்தொன்று பதக்கத்தோடு வீடு போயிருக்கிறது. மூன்றும் வரிசை மாறாமல் வந்ததில்லை. அந்த ஒரு குறை அவரை அரித்துக்கொண்டே இருந்தது.

மற்ற நிபுணர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பயிற்சியைப் பார்ப்பார்கள். இவர் பார்த்தது பூட்ஸின் அடியிலிருக்கும் பிளேடை. ஒரு பெண் மூன்று வாரம் என்ன செய்தாள் என்பதெல்லாம் அந்த எஃகு ஓரத்தில் இருக்கும். ஒவ்வொரு பிளேடுக்கும் இரண்டு விளிம்பு, உள்விளிம்பு, வெளிவிளிம்பு. லட்ஸ் என்று ஒரு தாவல்; பின்பக்கமாகப் போய், இடது காலின் வெளிவிளிம்பில் சாய்ந்து எழும்ப வேண்டும். பாதிப் பேர் கடைசி நொடியில் உள்விளிம்புக்கு நழுவித் திருடுவார்கள். திருடினால் உள்விளிம்பு தேயும். இறங்குவது வலது காலில். முழுச் சுற்றும் சுற்றி இறங்கினால் தேய்மானம் வழவழவென்று இருக்கும். கால்வாசிச் சுற்றுக் குறைந்தால் பக்கவாட்டில் பிசிறு எழும். பயிற்சியாளர்களும் பெற்றோர்களும் பூசி மெழுகுவதைப் பிளேடு மெழுகாது. இந்த ரகசியத்தைப் பற்றி அவர் யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

இன்னொரு விதியும் வைத்திருந்தார், அதை மட்டும் ஊருக்கே சொல்வார். ஒரே போட்டிப் பருவத்தில் பூட்ஸ் அளவு ஏறினால் அந்தப் பெண் பட்டியலில் கிடையாது. கால் வளர்ந்தால் உடம்பும் வளர்கிறது, நேற்று வரை சுழன்ற உடம்பு இன்றைக்கு வேறு உடம்பு, தாவல் எல்லாம் போச்சு. அப்படி எட்டுப் பெண்களைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டிருந்தார். ஏழு பேர் விஷயத்தில் அவர் சொன்னதுதான் நடந்தது. சாப்பாட்டு மேசையில்கூட, நாளைக்கு மழை வரும் என்பது மாதிரி, “கால் வளந்துச்சா, கதை முடிஞ்சுது” என்பார். எதிரே உட்கார்ந்து சாப்பிடுவது யார் என்று பார்க்கத் தெரியாத மனிதர்.

எதிரே உட்கார்ந்து சாப்பிட்டது அவருடைய ஒரே மகள். வயது பதினைந்து. அதே ஜூனியர் பிரிவில், போன வருடம் நான்காவது.

மகள் அந்தப் பிரிவுக்கு வந்த நாளிலிருந்து அவர் ஒரு வைராக்கியம் வைத்திருந்தார். அவள் பயிற்சியைப் பார்க்க மாட்டார், போட்டியையும் பார்க்க மாட்டார். பார்த்தால் பாசம் வரும், பாசம் வந்தால் பேனா வளையும், நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். எல்லாப் பெண்களையும்போல அவளும் மூன்று வாரத்துக்கு ஒரு முறை பூட்ஸில் சீட்டைக் கட்டிக் கொக்கியில் மாட்டிவிட்டுப் போவாள். அவரும் எல்லார் பிளேடையும் போலப் படித்துவிட்டுச் சாணை பிடிப்பார். அவளுடைய பயிற்சியாளரைக் கேட்கலாமென்றால், அந்த அம்மா மூன்று வருடமாக அவரோடு பேசுவதில்லை. தன் மாணவி ஒருத்தியை அவர் பட்டியலிலிருந்து அடித்த கோபம்.

இந்த வருடம் தேசியப் போட்டியில் முதல் இரண்டு பேர் உலக ஜூனியர் போட்டிக்குப் போகலாம். மகள் அம்மாவிடம் சொல்லியிருந்தாள், “இந்தத் தடவை விட்டா அவ்ளோதாம்மா.” அவருக்கும் அது தெரியும்; வளர்கிற வயது, அடுத்த வருடம் உடம்பு எப்படி இருக்குமோ. வெளியே காட்டிக்கொள்ளவில்லையே தவிர, மூன்று பெயரில் ஒன்றாக அவள் பெயரைத் தகுதியோடு எழுதுகிற நாளுக்காகத்தான் அந்த மனிதர் உயிரோடு இருந்தார் என்றே சொல்லலாம்.

போட்டிக்கு ஆறு வாரம் இருக்கும்போது அவள் பூட்ஸ் வந்தது. விளக்கில் பிடித்தார். போன முறை அவர் பிடித்த சாணை அப்படியே இருந்தது. சரி, ஓய்வு கொடுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார். மூன்று வாரம் கழித்து மறுபடி வந்தது. அதே கதை. கடையிலிருந்து இன்றைக்கு எடுத்ததுபோல விளிம்பு இரண்டும் மினுமினுத்தன.

அன்று சாயங்காலம் பேச்சோடு பேச்சாக வாயைக் கிண்டினார்.

“கால் ஏதாவது வலிக்குதாம்மா?”

“இல்லப்பா.”

“பயிற்சி ஒழுங்கா நடக்குதில்ல?”

“நடக்குதுப்பா.”

தலையை நிமிர்த்தாமல் சொன்னாள். காலையில் ஐந்தரைக்குப் பையைத் தூக்கிக்கொண்டு போகிறவள், பனித்தளத்தில் ஏறாமல் எங்கே போகிறாள்? வலியை மறைக்கிறாள், இல்லாவிட்டால் பயந்துவிட்டாள். பிளேடு பொய் சொல்லாது. மகள் சொல்கிறாள் என்று முடிவு கட்டினார். அந்த முடிவை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அவரை நாலு அறை விடத் தோன்றுகிறது.

எழுத உட்கார்ந்தார். பெயரைச் சும்மா விட்டுவிடலாம். ஆனால் போன வருடம் நான்காவது வந்தவளைப் பற்றி ஒரு வார்த்தையாவது இல்லாவிட்டால், அப்பா மழுப்புகிறார் என்று வாசகர்கள் பேசுவார்கள். ஆகவே எழுதினார். ‘சென்ற ஆண்டு நான்காவது வந்த வீராங்கனை இவ்வாண்டு தாவுவதே இல்லை என்று நம்பகமாகத் தெரிகிறது. காலில் வலியோ மனத்தில் அச்சமோ, காரணம் தெரியவில்லை. அவரை இந்த முறை கணக்கில் சேர்க்க வேண்டாம்.’ பெற்ற மகளை ‘அவர்’ என்று எழுதினார்.

பத்திரிகை காலையில் வந்தது. அவர் மனைவி படித்துவிட்டுக் கரண்டியை மேசைமேல் வைத்தாள்.

“நம்பகமாத் தெரியுதா? யார்கிட்ட தெரிஞ்சுது? ஒரே வீட்டுல இருக்கோம், என்கிட்ட கேட்டீங்களா, அவகிட்ட கேட்டீங்களா?”

“கேட்டேன். அவ நிஜத்தைச் சொல்லல.”

“நல்லா இருக்கு. ஊர்ல இருக்கற பொண்ணுங்க கதையெல்லாம் தெரியுது. நம்ம வீட்டுல ஒருத்தி இருக்கறது மட்டும் தெரியல.”

மகள் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தாள். பத்திரிகையை மடித்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். பையைத் தோளில் போட்டுக்கொண்டு, “வரேம்மா” என்று அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

போட்டி இரண்டு நாள். முதல் நாள் குறுநிகழ்ச்சி, மறுநாள் நெடுநிகழ்ச்சி, இரண்டும் சேர்த்துத்தான் பதக்கம். முதல் நாள் அவர் வழக்கம்போல அறையிலேயே இருந்தார். மத்தியானம் பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார்.

“சார், கவுத்துட்டீங்களே! உங்க பொண்ணு மூணாவது இடத்துல இருக்கா. மூணாவது! லட்ஸ் என்னமா தாவினா தெரியுமா?”

போனை வைத்தவருக்குத் தலைகால் புரியவில்லை. பட்டியல் நாசமாகப் போகட்டும், ஒன்பது வருடப் பேரும் கூடச் சேர்ந்து போகட்டும் என்று அந்தச் சின்ன அறைக்குள் வாய்விட்டுச் சிரித்தார். வலியைத் தாங்கிக்கொண்டு தாவியிருக்கிறாள் என் பெண், நான் எழுதினதைப் படித்த ரோஷத்தில் தாவியிருக்கிறாள் என்று நினைத்தார். சந்தோஷத்தோடு வெட்கமும் வந்தது. அவளுக்கு ஏதாவது செய்யவேண்டும். அவருக்குச் செய்யத் தெரிந்தது ஒன்றே ஒன்று.

மறுநாள் காலையில் மகளும் அம்மாவும் முன்னாலேயே கிளம்பிப் போய்விட்டார்கள். வீட்டு வாசல் பக்கம் கொக்கியில் அவள் பூட்ஸ் தொங்கிக்கொண்டிருந்தது. ஐயோ, மறந்துவிட்டுப் போயிருக்கிறாளே என்று எடுத்துக்கொண்டு அரங்கத்துச் சாணை அறைக்கு ஓடினார். மறந்து போகிற பொருளா அது என்று அவருக்குத் தோன்றவில்லை. எப்போதும் முதலில் விளக்கு, பிறகுதான் சக்கரம். அன்றைக்கு விளக்கையே போடவில்லை. மகளுடைய பிளேடைப் போட்டியன்று படிக்க என்ன இருக்கிறது என்று நேரே சக்கரத்தில் வைத்தார். நாற்பது நிமிடம், யாருக்கும் செய்யாத மாதிரி, கடைசியில் எண்ணெய்க் கல்லால் கையாலேயே இழைத்து முடித்தார்.

உடை மாற்றும் அறைக்கு வெளியே நீண்ட பெஞ்சில் மகள் காலுறையோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் குடை அக்கா. பொழுதுபோக்குக் காட்சிகளில் குடை பிடித்துக்கொண்டு சறுக்குகிறவள், அதனால் அந்தப் பெயர். அவள் காலடியில் ஒரு துணிப்பை இருந்தது. பயிற்சியாளர் அம்மா வேறொரு மாணவியோடு உள்ளே இருந்தார். அப்பா வருவதைப் பார்த்து மகள் எழுந்தே விட்டாள். அந்த இடத்துக்கு அவர் வந்ததே இல்லை.

“உக்காரும்மா” என்று அவர் தரையில் மண்டி போட்டார். “நான் எழுதினது தப்பு. மன்னிச்சுடு. இதோ பாரு, உன் பூட்ஸ. இந்த மாதிரி சாணை நான் என் ஜென்மத்துல பிடிச்சதில்ல. நானே போட்டுவிடறேன். இன்னைக்கு நான் வந்து பாக்கப்போறேன்.”

“நீயா? பாக்கப் போறியாப்பா?”

“முன் வரிசைல நின்னு பாப்பேன்.”

குடை அக்கா, “அண்ணா, அது வந்து…” என்று ஆரம்பித்தாள். மகள் அவளைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று அர்த்தம். அதை அவரும் பார்த்தார், ஏதோ பெண்பிள்ளைகள் சமாசாரம் என்று விட்டுவிட்டார். கால் உள்ளே போகச் சிரமப்பட்டது. தடியான காலுறையாக இருக்கும் என்று அழுத்தினார்.

“இறுக்கிக் கட்டட்டுமாம்மா?”

“இறுக்கமாத்தாம்ப்பா இருக்கு.”

அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, மனம் குளிர முடிச்சுப் போட்டார்.

மூன்றரை நிமிடம். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் மகள் சறுக்குவதைத் தடுப்புப் பலகையைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். பின்பக்கமாக வந்து, இடது கால் வெளிவிளிம்பில் அழகாகச் சாய்ந்து, எழும்பினாள். திருட்டே இல்லாத லட்ஸ். அதைப் பார்த்து அவர் வாயைத் திறப்பதற்குள் இறங்கின கால் மடங்கி விழுந்தாள். எழுந்தாள். அடுத்ததிலும் விழுந்தாள். மூன்றாவது தாவல் ஒற்றைச் சுற்றோடு நின்றது. அதற்குப் பிறகு தாவவே முயலவில்லை. கால் விரல்களைத் தரையில் ஊன்ற முடியாதவள்போல ஊர்ந்தாள். இசை முடிந்ததும் நேராக வெளியே வந்து, அவரைத் தாண்டி அம்மாவிடம் போனாள். நாடாவை அவிழ்க்க அவர் குனிந்தார். “வேணாம், அம்மா அவுப்பாங்க” என்று உள்ளே போய்விட்டாள்.

பதினொன்றாவது இடம்.

மேடை ஏறின மூன்று பேரும் அவர் எழுதின மூன்று பேர். எழுதின வரிசையிலேயே. அன்று போன் நிற்கவே இல்லை. “சார், வரிசையோட! வரிசையோட வந்துடுச்சு! அடுத்த வாரம் உங்க போட்டோவ முன்பக்கத்துல போடறேன்” என்று ஆசிரியர் கூத்தாடினார். ஒன்பது வருடம் ஆசைப்பட்டது கிடைத்தபோது மனிதர் கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு நின்றார்.

இரண்டு நாள் கழித்து, மத்தியானம், குடை அக்கா அறைக்கு வந்தாள். முகம் கொடுத்துப் பேசவில்லை. பூட்ஸைப் பலகைமேல் வைத்து, “நாலு மணிக்கு ஷோ இருக்குண்ணா. கொஞ்சம் சீக்கிரம்” என்றாள்.

அவர் விளக்கைப் போட்டுப் பார்த்தார். பார்த்தவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். இடது பிளேடின் வெளிவிளிம்பு மட்டும் தேய்ந்திருந்தது. உள்விளிம்பில் நழுவின தடமே இல்லை. நூற்றுக்கணக்கான லட்ஸ். வலது பிளேடைத் திருப்பினார். இறங்கின இடம் வழவழவென்று இருந்தது. பிசிறு தேடினார். மிஞ்சிப்போனால் பத்துக்கு ஒன்று. இப்படி ஒரு ஜோடியை ஒன்பது வருடத்தில் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறார். இரண்டு பேருமே மேடை ஏறினவர்கள்.

“நீ எப்போ லட்ஸ் தாவ ஆரம்பிச்ச?”

“நானா? நான் குடைய விரிச்சா போதும்ணா எனக்கு” என்று சிரிக்கப் போனவள் நிறுத்திக்கொண்டாள். “ரெண்டு மாசமா எங்களுக்கு ஷோ இல்ல. உங்க பொண்ணு போட்டுட்டிருந்தா. அவ பூட்ஸ் அவளுக்குப் பத்தல. ஒரு சைஸ் ஏறிடுச்சு.”

“என்கிட்ட…”

“எப்படிச் சொல்லுவா? கால் வளந்தா கதை முடிஞ்சுதுன்னு நீங்கதானே எழுதறீங்க. நீங்க கண்டுபிடிக்கக் கூடாதுன்னுதான் போடாத பூட்ஸக் கொண்டுவந்து சாணைக்கு மாட்டிட்டுப் போவா. பயிற்சி டீச்சருக்குத் தெரியும். நீங்க எழுதினதைப் படிச்சுட்டு, ‘பரவால்லக்கா, ஜெயிச்சுட்டு அப்பாகிட்ட சொல்லிக்கறேன்’னா. முதல் நாள் இதைப் போட்டுத்தான் தாவினா.”

“அன்னைக்கு ஏன் என்னைத் தடுக்கல?”

“நான் வாயத் திறந்தேன், அவதான் விடல. அப்புறம் கேட்டேன், ஏண்டி இப்படிப் பண்ணினன்னு. ‘எங்கப்பா முதல் தடவையா வந்து கீழ உக்காந்துருக்காருக்கா, எப்படி வேணாங்கறது? மூணரை நிமிஷம்தானே, பல்லக் கடிச்சுக்கலாம்னு நெனச்சேன்’னா. ரெண்டு கால்லயும் நகம் பேந்துடுச்சு, தெரியுமா உங்களுக்கு?”

தெரியாது. வீட்டில் மகளுக்குச் செருப்பு மாறியிருந்ததே அவருக்குத் தெரியாது.

குடை அக்கா சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். “அண்ணா, நாலு மணிக்கு ஷோ.”

அவர் சக்கரத்தைப் போட்டார். இருபது வருடமாக, எதிரே ஆள் நின்று பூட்ஸைக் கொடுத்தால் சாணை பிடிக்கிற கை அது. சக்கரத்தின் சத்தத்தில் அவர் அழுதது வெளியே கேட்கவில்லை. ஒவ்வொரு பிளேடுக்கும் நாலு இழுப்பு. முடித்துத் துடைத்து, பித்தளை அளவுகோலை வைத்துப் பார்த்து, கொடுத்து அனுப்பினார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். மகள் கட்டிலில் சாய்ந்திருந்தாள், இரண்டு பாதத்திலும் கட்டு. அம்மா பழம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“எனக்கு எல்லாம் தெரிஞ்சுதும்மா. குடை அக்கா பிளேடப் பாத்தேன். நீ ரெண்டாவது வந்திருப்ப. சந்தேகமே இல்ல. நான்தான் கெடுத்தேன்.”

அவள் போர்வையைக் கட்டுக்குமேல் இழுத்துவிட்டாள்.

“சரிப்பா.”

“என்ன சரி? நிஜமாத்தான் சொல்றேன்.”

“எழுதறப்போ நீ யாருக்காகவும் மாத்தி எழுத மாட்ட. இப்ப நான் படுத்துக் கெடக்கறேன்னு சொல்ற.”

“சத்தியமா இல்லம்மா. வெளிவிளிம்பு எப்படித் தேஞ்சிருக்கு தெரியுமா? பத்துல ஒம்பது சுத்தமா எறங்கியிருக்க. பிளேடுல அப்படியே இருக்கு. இந்த வயசுல, வளந்த உடம்ப வச்சுக்கிட்டு இப்படித் தாவினவ யாருமே இல்ல.”

அவள் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். இரண்டு நாளாகச் செத்துக்கிடந்த முகத்தில் ரத்தம் வந்தது. பழம் நறுக்கிய கை நின்றது.

“நெஜமாவாப்பா? டீச்சர் அஞ்சுல மூணுதான் சுத்தம்னாங்க. பத்துல ஒம்பதா? எங்க, எனக்குக் காட்டு. நான் பாக்கணும்.”

அவர் கட்டில் ஓரத்திலிருந்து எழுந்தார்.

“சாணை பிடிச்சுட்டேம்மா.”

“எப்போ?”

“மத்தியானம். அவளுக்கு நாலு மணிக்கு ஷோன்னா.”

மகள் தலையாட்டினாள். கோபம்கூட வரவில்லை அவளுக்கு. பழையபடி தலையணையில் சாய்ந்தாள்.

“பரவால்லப்பா. விடு. நீ எழுதினதுதான் சரியா வந்துச்சே, வரிசையோட” என்றாள். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு இன்னொன்றும் சொன்னாள். “என் பூட்ஸ யாருக்காவது குடுத்துடு. சின்னக் கால் இருக்கற பொண்ணாப் பாத்து.”